அரசு சாராத சேனைகள், அரசு சாராத சாட்சிகள்: பீகார் சொல்லும் வரலாறு

அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சமூகவியல் என்று எந்தப் பாடத்தை எடுத்தாலும் இன்று ஒரு சொல் கண்ணில் படுகிறது: ‘அரசு சாராச் செயற்பாட்டாளர்கள்’. பாதுகாப்பு, மோதல், கொள்கை வகுத்தல் ஆகிய மூன்றிலும் அரசு மட்டுமே முடிவெடுப்பதில்லை, அரசுக்கு வெளியே இருப்பவர்களும் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். உதாரணம் கேட்டால் ஒரு பக்கம் அல் கொய்தா, இன்னொரு பக்கம் செஞ்சிலுவைச் சங்கம், நடுவில் பன்னாட்டு நிறுவனங்கள் என்று பட்டியல் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் சாதிச் சேனை இருக்காது. ஊரில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எவ்வளவு கூலி கேட்கலாம், யார் வாக்களிக்கலாம் என்பதைத் துப்பாக்கி முனையில் தீர்மானித்த அமைப்புகள் இந்த நாட்டில் இருந்தன. அவை அரசு சாராதவையா? இந்தக் கேள்விக்கு பீகாரின் வரலாற்றை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. மத்திய பீகாரில் 1970களிலிருந்து 2000கள் வரை நடந்ததைப் படிப்பவர்கள் ‘அரசு சாரா’ என்ற சொல்லை அதன் பிறகு பழையபடி பயன்படுத்த மாட்டார்கள்.

சங்கம் என்று பெயர்

நமக்குத் தெரிந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். எதிரே நின்ற அமைப்பின் பெயரைக் கவனியுங்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம். இரிஞ்சியூர் கோபாலகிருஷ்ண நாயுடு தலைமையில் இயங்கிய மிராசுதாரர் சங்கம் அது. ஆனால் பெயரைக் கேட்டால் கூட்டுறவுச் சங்கம் போலத்தான் தோன்றும். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் தண்டித்தவர்களை சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெரும் நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு யோசித்தது.

மூன்று விஷயங்களை இங்கே குறித்துக்கொள்வோம். விவசாயிகளின் பெயரில் ஒரு சங்கம், கூலிக்காரர்களைப் பணியவைக்க ஆயுதம், கடைசியில் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. சோன் நதிக்கரையில் இவை மூன்றும் இன்னும் பெரிய அளவில் நடந்தன.

சேனைகள் பிறந்த நிலம்

பீகாரில் 1950இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1960களில் நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது. காகிதத்தில் இரண்டும் உண்டு. நடைமுறையில் நிலம் பூமிகார், ராஜபுத்திரர் போன்ற ஆதிக்கச் சாதிகளிடமே நின்றது. சில பகுதிகளில் குர்மி, யாதவ் சாதிகளில் மேலெழுந்த உழவர்களிடமும் சேர்ந்தது. வயலில் இறங்கிய முசஹர், சமார், துசாத் மக்களுக்கு நிலமும் இல்லை, சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியும் இல்லை. பல ஊர்களில் ஆதிக்கச் சாதியார் முன் கட்டிலில் உட்காரும் உரிமைகூட இல்லை.

1970களின் தொடக்கத்தில் போஜ்பூர் மாவட்டத்தின் ஏக்வாரி பகுதியில் நக்சல்பாரி அரசியல் காலூன்றியபோது, கூலியோடு மானமும் அங்கே போராட்டத்தின் கோரிக்கையானது. பெண்கள் மீதான பாலியல் வன்முறையை நிறுத்து என்பது முதன்மை முழக்கங்களில் ஒன்று.

இதற்கு எதிர்வினையாகத்தான் சேனைகள் முளைத்தன. ராஜபுத்திரர்களுக்குக் குவேர் சேனா, குர்மிகளுக்குப் பூமி சேனா, யாதவ்களுக்கு லோரிக் சேனா, பூமிகார்களுக்குப் பிரம்மரிஷி சேனா. ‘சன்லைட் சேனா’ என்றுகூட ஒன்று இருந்தது. பெயர்கள் வேறு, சாதிகள் வேறு, வேலை ஒன்றுதான்: கூலி கேட்பவரைக் கொல்வது, சங்கம் வைப்பவரின் குடிசையைக் கொளுத்துவது. 1977இல் பெல்ச்சியில் 11 பேர், 1980இல் பிப்ராவில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். 1989 நாடாளுமன்றத் தேர்தலின்போது போஜ்பூரின் தன்வார் பிஹ்டாவில் வாக்களிக்கத் துணிந்ததற்காகத் தலித்துகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தத் தேர்தலில்தான் இந்திய மக்கள் முன்னணியின் ராமேஷ்வர் பிரசாத் ஆரா தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். ஒரு வாக்குக்கு அங்கே என்ன விலை இருந்தது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அர்வால், 1986

சேனைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அரசின் துப்பாக்கியைப் பற்றியும் பேசிவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும்.

1986 ஏப்ரல் 19 அன்று அர்வால் நகரில் காந்தி நூலக வளாகத்தில் மஸ்தூர் கிசான் சங்கிராம் சமிதியின் கூட்டம் நடந்தது. நிலமற்ற சில குடும்பங்கள் பயன்படுத்திவந்த ஒரு துண்டு நிலத்தை ஒட்டிய தகராறுதான் விஷயம். காவல்துறை வளாகத்தைச் சூழ்ந்து சுட்டது. குறைந்தது 21 பேர் செத்தார்கள். பி.யூ.டி.ஆர். போன்ற குடிமை உரிமை அமைப்புகள் உண்மை அறியும் குழுக்களை அனுப்பின. ஓய்வுபெற்ற நீதிபதிகள் கொண்ட மக்கள் தீர்ப்பாயம் விசாரணை நடத்தியது. அரசு என்ன செய்தது? சுட்டவர்களை விட்டுவிட்டு, அதே ஆண்டில் அந்தச் சங்கத்தைத் தடைசெய்தது.

சங்கம் தடைசெய்யப்பட்டபோது கூலித் தொழிலாளிக்கு வெளிப்படையாகக் கூடிப் பேசும் வழி அடைபட்டது. தலைமறைவு ஆயுதக் குழுக்கள் அந்த இடத்தில் வலுப்பெற்றன. ஒரு மோதலில் யார் ஆயுதம் ஏந்துவார்கள் என்பதை அரசு எடுக்கும் இப்படிப்பட்ட முடிவுகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ரண்வீர் சேனா

1994இல் போஜ்பூர் மாவட்டத்தின் பேலாவூரில் ரண்வீர் சேனா உருவானது. பூமிகார் நிலவுடைமையாளர்களின் அமைப்பு. கோபிரா ஊரைச் சேர்ந்த பிரம்மேஷ்வர் சிங் அதன் தலைவரானார். ஆதரவாளர்கள் அவரை ‘முக்கியா’ என்று அழைத்தார்கள். ஊர் ஊராக வரி போல் பணம் வசூலித்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கியும் உரிமம் இல்லாத துப்பாக்கியும் ஒன்றாகவே வயலுக்கு வந்தன.

1995இலேயே பீகார் அரசு சேனாவைத் தடைசெய்தது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1996 ஜூலை 11, பட்டப்பகல். போஜ்பூரின் பதானி டோலாவில் 21 பேர் கொல்லப்பட்டார்கள். தலித்துகளும் இஸ்லாமியர்களும். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கைக்குழந்தைகள். அருகிலேயே காவல் முகாம்கள் இருந்தன. ஒரு காவலரும் வரவில்லை.

1997 டிசம்பர் 1, இரவு. ஆயுதம் தாங்கியவர்கள் படகில் சோன் நதியைக் கடந்து லட்சுமண்பூர் பாத்தேவுக்கு வந்தார்கள். 58 பேரைக் கொன்றார்கள். தங்களை ஏற்றிவந்த படகோட்டிகளையும் சாட்சி மிஞ்சக் கூடாது என்று கொன்றார்கள். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணன் இதைத் தேசிய அவமானம் என்றார்.

1999 ஜனவரியில் சங்கர்பிகா. பிப்ரவரியில் நாராயண்பூர். 2000 ஜூனில் மியான்பூர், 30க்கும் மேற்பட்டவர்கள்.

எல்லாமே தடைக்குப் பிறகு நடந்தவை. பெண்களையும் குழந்தைகளையும் ஏன் கொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு சேனாவினர் மறைக்காமல் பதில் சொன்னார்கள்: குழந்தைகள் வளர்ந்தால் நக்சலைட் ஆவார்கள், பெண்கள் நக்சலைட்டுகளைப் பெறுவார்கள் என்று. அப்படியானால் ஆயுதக் குழுவோடு நடந்த சண்டை என்று இதைச் சொல்ல முடியுமா? ஒரு மக்கள் கூட்டத்தின் அடுத்த தலைமுறையே குறியாக இருந்தது.

அரசு எங்கே இருந்தது?

‘அரசு அங்கே இல்லை, அதனால் சேனை வந்தது’ என்ற விளக்கத்தை நிறையப் படித்திருப்பீர்கள். அரசு பலவீனமாக இருக்கும் இடத்தில் அரசு சாராதவர்கள் நுழைவார்கள் என்பது பாடநூல் சூத்திரம். பீகாரில் இந்தச் சூத்திரம் செல்லாது. அர்வாலில் 21 பேரைச் சுட்டுக்கொல்லும் அளவுக்கு அரசு அங்கே இருந்தது. ஒரு சங்கத்தைத் தடைசெய்து, தடையை அமல்படுத்தும் அளவுக்கும் இருந்தது. சேனா விஷயத்தில் மட்டும் அது காணாமல் போனது.

தடயங்களை வரிசையாகப் பாருங்கள்.

பாத்தே படுகொலைக்குப் பிறகு, சேனாவுக்கு எந்தெந்த அரசியல் கட்சிகளோடும் தலைவர்களோடும் தொடர்பு என்று விசாரிக்க நீதிபதி அமீர் தாஸ் ஆணையத்தை அன்றைய ராப்ரி தேவி அரசு அமைத்தது. ஆணையம் இறுதி அறிக்கை கொடுக்கும் முன்பே, 2006இல் நிதீஷ் குமார் ஆட்சியில் அது கலைக்கப்பட்டது. அமைத்தது ஒரு கட்சி, கலைத்தது இன்னொரு கூட்டணி. அந்தத் தொடர்புகள் வெளியே வரவேண்டும் என்ற அவசரம் இரண்டு ஆட்சிகளுக்கும் இல்லை.

பிரம்மேஷ்வர் சிங் 2002இல் கைதானார். அவர் ஆரா சிறையில் இருந்த காலத்திலேயே, பதானி டோலா வழக்கின் ஆவணங்களில் அவர் ‘தலைமறைவு’ என்று காட்டப்பட்டிருந்தார். அரசின் சிறையில் இருக்கும் ஒருவரை அரசின் காவல்துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை! 2011இல் பிணையில் வெளியே வந்தார். 2012 மே மாதம் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயர் ராஷ்டிரவாதி கிசான் சங்கடன். நெல் உற்பத்தியாளர் சங்கம் நினைவுக்கு வருகிறதா? மறு மாதம் முதல் தேதி ஆராவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். உடலோடு பாட்னாவுக்குப் போன ஊர்வலம் வழியெங்கும் வாகனங்களைக் கொளுத்தியது. காவல்துறை வேடிக்கை பார்த்தது. 1986இல் நூலக வளாகத்தில் கூடிய நிராயுதபாணிகள் மீது துப்பாக்கிச்சூடு, 2012இல் ஊரைக் கொளுத்திய ஊர்வலத்துக்கு வழிவிடல். ஒரே மாநிலம், ஒரே காவல்துறை.

நீதிமன்றம்? 2010 ஏப்ரலில் பாத்தே வழக்கில் 16 பேருக்குத் தூக்கு, 10 பேருக்கு ஆயுள் என்று பாட்னா விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 அக்டோபர் 9 அன்று பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுவித்தது. பதானி டோலாவில் 23 பேர் தண்டிக்கப்பட்டு, 2012 ஏப்ரலில் 23 பேரும் விடுதலை. சங்கர்பிகாவில் 2015 ஜனவரியில் விசாரணை நீதிமன்றமே 24 பேரையும் விடுவித்தது. சாட்சிகளை நம்ப முடியவில்லை என்பதுதான் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணம். குடும்பத்தையே பறிகொடுத்து, 14 ஆண்டுகள் காத்திருந்து, அதே ஊரில் அதே ஆட்களுக்கு நடுவே வாழ்ந்துகொண்டே கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களை நம்ப முடியவில்லை.

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளோடு நீதிமன்றப் படியேறும் என் போன்ற சமூகப் பணியாளர்களுக்கு இந்தத் தீர்ப்புகள் வெறும் செய்தி இல்லை. ‘பாத்தேயிலேயே விட்டுவிட்டார்களே, நமக்கு என்ன கிடைக்கும்?’ என்று பாதிக்கப்பட்டவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது எங்கள் அன்றாடப் பிரச்சினை.

மறுபக்கத்துத் துப்பாக்கி

வரலாறு என்று எழுதினால் நமக்குச் சங்கடமானதையும் எழுத வேண்டும். ஆயுதம் ஏந்திய இடதுசாரிக் குழுக்களும் கூட்டுக்கொலை செய்தன. 1992 பிப்ரவரியில் கயா மாவட்டத்தின் பாராவில் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் சென்டர் 30க்கும் மேற்பட்ட பூமிகார்களைக் கொன்றது. 1999 மார்ச்சில் சேனாரியில் 34 பேர். கொல்லப்பட்டவர்களின் சாதியைப் பார்த்து நியாயம் பேசுவது நம் அரசியல் ஆகாது. தவிர, ஒவ்வொரு பதிலடிக்கும் மறு பதிலடி நம் சேரிகளுக்குத்தான் வந்தது. துப்பாக்கிக்காரர் இரவோடு இரவாகக் காட்டுக்கோ நகரத்துக்கோ போய்விடலாம். கைக்குழந்தையோடு குடிசையில் இருப்பவர் எங்கே போவார்?

ஆனால் சட்டம் இரண்டு பக்கத்தையும் எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். பாரா வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. நான்கு பேரின் தூக்குத் தண்டனையை 2002இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2017இல்தான் குடியரசுத் தலைவர் அதை ஆயுளாகக் குறைத்தார். தூக்குக் கயிற்றின் நிழலில் 15 ஆண்டுகள். தடா 1995இல் காலாவதியாகிவிட்டதால் சேனா வழக்குகளுக்கு அது பொருந்தவில்லை என்று சட்டக் காரணம் சொல்லலாம். சரிதான். ஆனால் புலனாய்வில் காட்டிய அக்கறையின் அளவுக்கு எந்தச் சட்டக் காரணம் உண்டு? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சேனாரி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களையும் 2021இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. புலனாய்வு என்பதே செத்துப்போன இடத்தில் இறுதியில் யாருக்கும் நீதி கிடைப்பதில்லை. ஆதிக்கச் சாதி ஏழைகளும் இதை யோசிக்க வேண்டும்.

அரசே கொடுத்த துப்பாக்கி

பீகாரில் அரசு கண்ணை மூடிக்கொண்டது. சத்தீஸ்கரில் 2005க்குப் பிறகு அரசே துப்பாக்கியைக் கையில் கொடுத்தது. மாவோயிஸ்டுகளுக்கு எதிரான ‘மக்கள் இயக்கம்’ என்ற பெயரில் சல்வா ஜூடும் வந்தது. பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அலுவலர்களாக, சொற்ப ஊதியத்துக்கு, சொந்த மக்களுக்கு எதிராக நிறுத்தப்பட்டார்கள். கிராமங்கள் எரிந்தன, மக்கள் முகாம்களுக்குத் துரத்தப்பட்டார்கள். 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் சமூகவியல் பேராசிரியர் நந்தினி சுந்தரும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகாவும் இருந்தார்கள். அரசு சாராதவர்களைப் பயன்படுத்திய அரசை, அரசு சாராத குடிமக்கள்தான் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

ஆக, ‘அரசு சாரா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவர் செய்வதற்கு அரசு என்ன விலை வைத்திருக்கிறது? சேனா கொலை செய்தால் விடுதலை. கூலிச் சங்கம் கூட்டம் போட்டால் துப்பாக்கிச்சூடு, தடை. இருவரும் பாடநூலில் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்படுகிறார்கள். ஆனால் ஒருவர் அரசின் பதிவு செய்யப்படாத கை. மற்றவர் அரசு பார்க்க விரும்பாத குடிமகன்.

கொள்கையை யார் எழுதுகிறார்கள்?

கொள்கை வகுப்பிலும் இதே இரண்டு பேர்தான் எதிரெதிரே நிற்கிறார்கள்.

நிதீஷ் குமார் அரசு 2006இல் டி. பந்தோபாத்யாய் தலைமையில் நிலச் சீர்திருத்த ஆணையம் அமைத்தது. மேற்கு வங்கத்தின் ‘ஆபரேஷன் பர்கா’வில் பெரும் பங்காற்றிய அதிகாரி அவர். 15 ஏக்கர் உச்சவரம்பு, குத்தகைப் பங்காளிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு, வீடற்றவர்களுக்கு மனை நிலம் என்று 2008இல் அறிக்கை வந்தது. நிலவுடைமைச் சாதிகள் முறைத்தன. அறிக்கை அலமாரிக்குள் போனது. சேனா துப்பாக்கியால் காத்த நிலத்தை, சட்டமன்றத்தில் அதன் உறவினர்கள் மௌனத்தால் காத்தார்கள். துப்பாக்கி ஏந்திய சேனை மறைந்துவிட்டது என்று நிம்மதி அடைவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்: அது காத்த நிலம் கை மாறவில்லை.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். இது பலருக்குத் தெரியாத வரலாறு. அண்ணல் அம்பேத்கர் 1928இல் சைமன் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது பகிஷ்கரித் ஹிதகாரிணி சபாவின் சார்பில்தான் போனார். இன்றைய மொழியில் அது ஓர் அரசு சாரா அமைப்பு. அந்த மரபு அறுந்துவிடவில்லை.

அர்வாலில் துப்பாக்கிச்சூடு நடந்த அதே 1986இன் ஜனவரியில், குஜராத்தின் கோலானா கிராமத்தில் நிலத்துக்காக நின்ற நான்கு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு வேலை செய்துவந்த மார்ட்டின் மக்வான், அதன் பிறகு நவ்சர்ஜன் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1998இல் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சாரம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றவரும் அவரே. 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட ‘புரோக்கன் பீப்பிள்’ அறிக்கை பீகாரின் ரண்வீர் சேனாவையும் தமிழ்நாட்டுத் தென்மாவட்டக் கலவரங்களையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்து உலகத்தின் முன் வைத்தது. அதற்குச் சாட்சியம் கொடுத்தவர்கள் பாத்தேயின் மக்கள், மேலவளவின் மக்கள். 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசவே கூடாது என்று இந்திய அரசு நின்றது. தலித் அமைப்புகள் விடவில்லை. மறு ஆண்டே, 2002 ஆகஸ்டில், ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் ஓட்டைகளை வழக்கு வழக்காகத் தொகுத்து, திருத்தம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தில்லியில் தட்டியதும் இப்படிப்பட்ட அமைப்புகள்தாம். அதன் பலனாக 2015 திருத்தச் சட்டம் நிறைவேறி 2016 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்தது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியபோது, ஏப்ரல் 2 அன்று பெரிய கட்சி எதுவும் அழைக்காமலே நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

கீழவெண்மணிக்குப் பிறகும் இப்படி ஒன்று நடந்தது. கணபதியா பிள்ளை ஆணையத்தின் வழியாக 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் வந்தது. 44 உயிருக்கு அது ஈடாகாது. ஆனால் அடுத்த அறுவடையில் கூலி கேட்டவரின் கையில் ஒரு சட்டம் இருந்தது.

நம் கையில் இருப்பது

இந்த வரலாற்றைப் படித்துவிட்டுச் சோர்ந்துபோவதால் பயனில்லை. பாத்தே வழக்கு தோற்ற இடம் எது? சாட்சி. இப்போதுள்ள சட்டம் அந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

15ஏ பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை. வழக்கு நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவாக வேண்டும். தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. ‘நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று காவல் நிலையத்தில் கேட்டால் காட்ட வேண்டிய பக்கம் இதுதான்.

1995 விதிகளில் 3ஆம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்டால், அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்வதும், சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்வதும் அந்த விதி சொல்லும் நடவடிக்கைகள். இந்த விதிகள் வந்த அதே 1995இல்தான் ரண்வீர் சேனா தடைசெய்யப்பட்டது. இரண்டும் ஒழுங்காக அமலாகியிருந்தால் பாத்தே நடந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

17ஆம் விதியைப் படியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த அலுவல் சாராத உறுப்பினர்களுக்கும், தொண்டு நிறுவனத் தொடர்புள்ளவர்களுக்கும் இடம் உண்டு. மாநில அளவில் முதலமைச்சர் தலைமையில், ஆண்டுக்கு இருமுறையாவது கூட வேண்டிய குழு உண்டு. ‘அரசு சாரா’ ஆட்களுக்கென்று சட்டமே போட்டுவைத்த நாற்காலி அது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தாலோ, கட்சிக்காரர் ஒருவர் அதில் தூங்கினாலோ, வேலையை ஆதிக்கச் சாதிச் சங்கம் வெளியிலிருந்து செய்துகொள்ளும். பீகாரில் அதைத்தான் பார்த்தோம்.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் குழு எந்தெந்தத் தேதியில் கூடியது, உறுப்பினர்கள் யார், கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் என்ன, எத்தனை வழக்குகளில் சாட்சிப் பாதுகாப்பு வழங்கப்பட்டது என்று நான்கே கேள்விகள் கேளுங்கள். பதில் வந்தால் நண்பர்களோடு உட்கார்ந்து படியுங்கள். ‘தகவல் இல்லை’ என்று வந்தாலும் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக்கும் அடுத்த வழக்குக்கும் அது ஆவணம்.